வேறு வைத்தல்

ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு கோப்பைத்தான் மாற்றினேன். அதன் பெயர் லிப்சி.எஸ்ஓ.6. என்டர் தட்டியதும், கட்டளை தட்டுகிற டெர்மினலில் கர்சர் நின்றது, மவுஸ் அம்பு நின்றது, திரை மூலையில் இருந்த கடிகாரம் 4:17-லேயே நின்றது. வட்டப் பின் வைத்த பழைய கீபோர்டு அது. அதன் விளக்குகள் மட்டும் விட்டுவிட்டு எரிந்தன. நான் தட்டிய வரியில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை. கம்ப்யூட்டர் நான் சொன்னதை அப்படியே செய்தது. அதனால்தான் நின்றது.

இதேபோல் மாட்டிக்கொண்டு விழிக்கிற ஒருவருக்குத் தமிழில் ஓரிடத்திலாவது முழுக்கதையும் கிடைக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

நான் காரைக்குடிக்காரன். பல வருடம் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டையூர் வழியாகப் பள்ளத்தூருக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போகிறேன். அங்கே ஓர் ஆச்சி, 78 வயது, பெரிய வீட்டில் துணைக்கு ஓர் ஆளோடு இருக்கிறார். அவர் வீட்டுக்காரரின் ஐயா பர்மாவில் மோல்மேனுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போனவர். 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோது கடையைப் போட்டுவிட்டு வந்த குடும்பங்களில் இதுவும் ஒன்று. அதற்கு முன்னாலேயே ஊருக்கு அனுப்பிவைத்த கணக்குகள் இரண்டாங்கட்டு அறையில் மூன்று தகரப் பெட்டிகளில் கிடந்தன. நாள் குறிப்புகள், பேரேடுகள், கட்டுக்கட்டாகக் கடிதங்கள். அவற்றோடு அச்சடித்த சாமான்களும் நிறைய: கும்பாபிஷேக அழைப்புகள், கோயில் திருப்பணி வரவு செலவுப் புத்தகங்கள், ஊர்க் கூட்ட அறிக்கைகள்.

இதை எல்லாம் படம் பிடித்து, பட்டியல் போட்டு வைக்க வேண்டும் என்று ஆச்சிக்கு ஆசை. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்து வைத்த புத்தகங்கள் இன்றைக்குச் சென்னையில் ஒரு பெரிய ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. அவர் பக்கத்து ஊர்க்காரர். "அவுக அவ்வளவு சேத்தாக. நம்ம வீட்டுல இருக்கிறதையாவது கரையானுக்குக் குடுக்காம வச்சுக்கணும் தம்பி" என்று ஆச்சி ஒருநாள் சொன்னார். அப்படித்தான் இந்த வேலை தொடங்கியது. முகப்பை ஒட்டி, முன்னே கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருந்த சின்ன அறை. அதில் ஒரு மேசை, ஒரு ஸ்கேனர், 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய கம்ப்யூட்டர் ஒன்று. அதில் டெபியன் 11 என்ற லினக்ஸ் போட்டிருந்தேன்.

கையெழுத்துப் பேரேடுகளை எங்களிடம் உள்ள இயந்திரத்தால் படிக்க வைப்பது நடக்கிற காரியமில்லை. அவற்றை ஆச்சி படிப்பார், நான் தட்டுவேன். அச்சுப் புத்தகங்களுக்கு டெஸரேக்ட் இருக்கிறது. படத்தில் உள்ள எழுத்தைப் படித்து உரையாக்கித் தரும் கட்டற்ற மென்பொருள். 1980-களில் ஹெச்பி நிறுவனத்தில் பிறந்து, 2005-ல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. டெபியன் 11-ல் வருவது அதன் 4.1.1 பதிப்பு. அது தமிழை ஓரளவு நன்றாகவே படிக்கும். ஆனால் எங்கள் புத்தகங்கள் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியவை. லை, ளை, னை எல்லாம் மேலே தும்பிக்கை தூக்கிக்கொண்டு நிற்கும். ணா, றா, னா மூன்றும் காலில்லாமல் சுழிந்து கிடக்கும். அவற்றைப் பார்த்தால் டெஸரேக்ட் தடுமாறும். அதோடு இந்தப் பழைய கம்ப்யூட்டரில் ஒரு பக்கத்துக்கு ஆகிற நேரமும் அதிகம். 2021 கடைசியில் வந்த 5-ஆம் பதிப்பு கணக்குகளைச் சிறிய எண்வடிவத்தில் போடுவதால் வேகமும் கூடுதல், நினைவகமும் குறைவாகப் பிடிக்கும். அதை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

பெங்களூரில் இருக்கும் நண்பர் தன்னுடைய புதிய கம்ப்யூட்டரில் 5-ஆம் பதிப்பைக் கம்பைல் செய்து, அதாவது மூல நிரலை ஓடக்கூடிய நிரலாக மாற்றி, அனுப்பினார். இங்கே ஓட்டினால் ஒரே வரி: ஜிலிப்சி_2.34 என்ற பதிப்பு கிடைக்கவில்லை.

இந்த வரி வந்ததும் என்ன செய்யக்கூடாதோ அதை நான் செய்தேன். அதற்கு முன் இந்த ஜிலிப்சி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அது புரியாமல் மற்றது எதுவும் விளங்காது.

லினக்ஸில் நாம் ஓட்டுகிற நிரல்களில் பெரும்பாலானவை தனியாக நிற்பதில்லை. கோப்பைத் திற, நினைவகம் கொடு, திரையில் எழுது, மணி என்ன சொல்லு என்கிற அன்றாட வேலைகளை எல்லாம் ஒரு பொது லைப்ரரியிடம் விட்டிருக்கின்றன. அதுதான் குனு சி லைப்ரரி, சுருக்கமாக ஜிலிப்சி. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ், நகல் எடுக்கும் சிபி, பெயர் மாற்றும் எம்வி, நாம் கட்டளை தட்டுகிற பேஷ், மென்பொருளை நிறுவும் டிபிகேஜி, எல்லாவற்றுக்கும் முதலில் எழுந்து மற்றதை எழுப்பும் சிஸ்டம்டி, எல்லாமே லிப்சி.எஸ்ஓ.6 என்ற அந்த ஒற்றைக் கோப்பின் மேல்தான் நிற்கின்றன. செட்டிநாட்டு வீட்டைத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். ஒரு வீட்டுக்குப் பத்துப் பங்காளி இருப்பார்கள். அறை தனித்தனி. முகப்பும் வளவும் கிணறும் பொது. பொதுவில் இருப்பதில் ஒருவர் தன் வசதிக்குக் கை வைக்க முடியாது.

பெயரில் இருக்கும் அந்த 6-க்கு ஒரு வரலாறு உண்டு. 1997-ல் ஜிலிப்சி 2.0 வந்தபோது, அதற்கு முன் லினக்ஸில் புழங்கிய லைப்ரரி 5 என்ற எண்ணில் இருந்தது. அடுத்தது 6. அன்றிலிருந்து இன்றுவரை அந்த எண் மாறவே இல்லை. அதற்குள் எத்தனையோ பதிப்புகள் வந்துவிட்டன, கோப்பின் பெயர் மட்டும் அதே. பெயரை மாற்றாமல் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்றால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு செயல்பாட்டுக்கும் அது எந்தப் பதிப்பில் வந்தது என்று ஒரு முத்திரை குத்தி வைத்திருக்கிறார்கள். ஒரு செயல்பாட்டின் நடத்தை மாறினால் பழைய முத்திரையோடு பழையதையும் வைத்துக்கொண்டு, புதிய முத்திரையோடு புதியதைப் பக்கத்தில் வைப்பார்கள். அதனால் இருபது வருடத்துக்கு முன் கம்பைல் செய்த நிரல் இன்றைய ஜிலிப்சியில் ஓடும். இன்றைக்குக் கம்பைல் செய்தது நேற்றைய ஜிலிப்சியில் ஓடும் என்று மட்டும் எதிர்பார்க்க முடியாது. அது கேட்கும் முத்திரை அங்கே இருக்காது.

இதில் 2.34 கொஞ்சம் விசேஷமான பதிப்பு. 2021 ஆகஸ்டில் வந்தது. அதுவரை இழைகளுக்கு (ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) ஒரு கோப்பு, ஓடும்போதே லைப்ரரியை ஏற்றுவதற்கு ஒரு கோப்பு என்று தனித்தனியாகக் கிடந்தவற்றை லிப்சிக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். அதோடு, ஒரு நிரல் தொடங்கும்போது முதலில் கூப்பிடுகிற செயல்பாட்டுக்கும் 2.34 என்ற புது முத்திரை குத்திவிட்டார்கள். அதனால் "வணக்கம்" என்று ஒரு வார்த்தை மட்டும் அச்சிடும் நிரலைக்கூட 2.34-க்குப் பிந்திய கம்ப்யூட்டரில் கம்பைல் செய்தால், அது 2.34-ஐக் கேட்கும். டெபியன் 11-ல் இருப்பது 2.31. நண்பர் அனுப்பிய நிரல் வாசலிலேயே நின்றுவிட்டதற்குக் காரணம் இவ்வளவுதான். அதன் குறையும் இல்லை, என் கம்ப்யூட்டரின் குறையும் இல்லை.

சரி, நான் என்ன செய்தேன்? டெபியன் 12-ன் ஜிலிப்சி 2.36 பொதியை (கோப்புகளை ஒன்றாகக் கட்டிய நிறுவல் கோப்பு) இறக்கினேன். ஒரு தனிக் கோப்புறையில் பிரித்தேன். அதுவரைக்கும் தப்பில்லை. அப்புறம் உள்ளே இருந்த லிப்சி.எஸ்ஓ.6-ஐ, நிர்வாகி அதிகாரம் தரும் சுடோ போட்டு, சிபி கட்டளையால், கம்ப்யூட்டரின் லைப்ரரி கோப்புறையில் நகலெடுத்தேன். வேலை செய்யாவிட்டால் பழையதைத் திரும்ப வைத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். பழையதை வேறு பெயரில் எடுத்தும் வைத்திருந்தேன். அதைத் திரும்ப வைப்பதற்கே ஒரு சிபி வேண்டும், அந்த சிபி ஓடவே இந்தக் கோப்பு வேண்டும் என்பது அந்த நிமிடம் எனக்குத் தோன்றவில்லை.

என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். டெபியன் 11-ல் லிப்சி.எஸ்ஓ.6 என்பது உண்மையான கோப்பு இல்லை. அது லிப்சி-2.31.எஸ்ஓ என்ற கோப்பைக் கைகாட்டுகிற சிம்லிங்க். சிபி அந்தக் கைகாட்டியைப் பின்தொடர்ந்து போய் உண்மையான கோப்பைத் திறந்தது. ஏற்கெனவே இருக்கும் கோப்பின் மேல் எழுதும்போது சிபி அந்தக் கோப்பை முதலில் வெறுமையாக்கும். இரண்டு எம்பிக்குக் கொஞ்சம் குறைவாக இருந்த கோப்பு அந்தக் கணத்தில் 0 ஆனது. புதியதிலிருந்து முதல் துண்டைப் படித்து எழுத வேண்டியது அடுத்த வேலை. அந்த வேலையைச் செய்ய சிபி தன் லைப்ரரிக்குள் கால் வைத்தது. அந்த லைப்ரரிதான் இப்போது 0. ஓடிக்கொண்டிருக்கிற நிரல்கள் எல்லாம் லைப்ரரியை வட்டிலிருந்து அப்படியே நினைவகத்தில் பொருத்திப் படித்துக்கொண்டிருப்பவை. கோப்பு சுருங்கினால் நினைவகத்தில் இருந்த அதன் பக்கங்களும் போய்விடும். சிபி செத்தது. அதற்காகக் காத்திருந்த சுடோ விழித்துப் பார்த்துச் செத்தது. அப்புறம் பேஷ், டெர்மினல், திரையை வரைகிற நிரல், கடைசியில் சிஸ்டம்டி. முதல் நிரலே செத்தால், லினக்ஸின் மையக்கருவான கெர்னலுக்கு நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. கீபோர்டு விளக்கு சிமிட்டியது அதைத்தான் சொன்னது.

இதே மாற்றத்தை எம்வி கட்டளையால் செய்திருந்தால் இவ்வளவு அழிந்திருக்காது. எம்வி ஒரே வட்டுக்குள் கோப்பின் உள்ளே கை வைப்பதில்லை, பெயரை மட்டும் மாற்றி எழுதும். பழைய கோப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிற நிரல்களுக்கு, பெயர் போனாலும் அந்தப் பழைய கோப்பு அவை விடும்வரை உயிரோடு இருக்கும். டிபிகேஜி தானாக ஜிலிப்சியை மேம்படுத்தும்போது இப்படித்தான் செய்கிறது. புதியதை வேறு பெயரில் முழுக்க எழுதி, வட்டில் பதிந்துவிட்டது என்று உறுதி செய்துகொண்டு, அப்புறம் ஒரே நொடியில் பெயர் மாற்றும். மேம்பாடு ஓடும்போது நாம் பாட்டுக் கேட்டுக்கொண்டே இருக்க முடிகிறதென்றால் அதற்கு இந்தக் கவனம்தான் காரணம். அதை எழுதியவர்கள் மேல் எனக்கு அன்றைக்குப் பெரிய மரியாதை வந்தது.

பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். டெபியன் பெயர் வந்தது. கெர்னல் எழுந்தது. இதுவரைக்கும் லிப்சி தேவையில்லை, அதனால் ஓடியது. வட்டைக் கண்டுபிடித்து ஏற்றுகிற சின்னத் தற்காலிக அமைப்புக்குத் தன்னுடைய லைப்ரரி நகல் தனியாக இருக்கிறது, அதுவும் ஓடியது. கட்டுப்பாட்டை உண்மையான அமைப்பிடம் கொடுத்த இடத்தில் விழுந்தது. லிப்சி.எஸ்ஓ.6, ஃபைல் டூ ஷார்ட், அதாவது கோப்பு போதிய நீளமில்லை. அதற்குக் கீழே கெர்னல் பேனிக் (மேலே போக முடியாமல் கெர்னல் நின்றுவிட்டது), இனிட்டை, அதாவது அந்த முதல் நிரலைக் கொல்ல முயற்சி, எக்ஸிட்கோடு 0எக்ஸ்00007எஃப்00. அந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 7எஃப் என்பது பதினாறின் அடிமானத்தில் எழுதிய எண், அதை நமக்குப் பழகிய பத்தின் அடிமானத்தில் எழுதினால் 127. தேவையான லைப்ரரியை ஏற்ற முடியவில்லை என்றால் ஏற்றி நிரல் விட்டுப்போகிற எண் அது. பேனிக் என்றாலே வட்டு போய்விட்டது, மதர்போர்டு போய்விட்டது என்று கடையில் கொண்டுபோய் வைக்கிறவர்கள் உண்டு. 7எஃப்00 என்று பார்த்தால் வன்பொருளைத் தொடுவதற்கு முன் லைப்ரரி பக்கம் பாருங்கள்.

அதற்குள் ஆச்சி வந்து நிலைக்கதவில் கைவைத்து நின்றார். கையில் தட்டு. வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும்.

"என்ன தம்பி, பெட்டி கருப்பாக் கெடக்கு?"

"நான் ஒண்ணு மாத்தினேன் ஆச்சி. தப்பாப் போச்சு."

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். அப்புறம் கேட்டார், "கணக்கு போச்சா?"

அது ஒன்றுதான் கேள்வி. பட்டியலில் அப்போது ஆயிரத்து நூறு வரிக்கு மேல் இருந்தது. ஒவ்வொரு வரியும் ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துச் சொன்னது. யாருடைய விலாசம் (பெயருக்கு முன் போடும் முதலெழுத்துகள்), எந்த ஊர்க் கடை, எந்த மாதம், என்ன தொகை. கடைசியாக வேறு வட்டில் நகல் எடுத்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

"கணக்கு எல்லாம் உள்ள பத்திரமா இருக்கு ஆச்சி. வாசக்கதவுதான் தெறக்க மாட்டேங்குது. நான் வேற வழியா உள்ள போயி முதல்ல அதை வெளிய எடுத்துர்றேன்."

"சரி. முதல்ல சாப்பிடுங்க" என்று தட்டை வைத்துவிட்டுப் போனார். பதற்றப்படவில்லை. நான்தான் பதறிக்கொண்டிருந்தேன்.

வேறு வழி என்றது லைவ் பென் டிரைவ். பென் டிரைவிலிருந்தே ஒரு முழு டெபியன் எழும்பும். உள்வட்டைத் தொடாமல் நினைவகத்தில் ஓடும். தனக்கு வேண்டிய லிப்சியைத் தானே வைத்திருக்கும். என் மடிக்கணினி வண்டிப் பெட்டியில் இருந்தது. போன் ஹாட்ஸ்பாட்டில் டெபியன் 11 லைவ் ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி பென் டிரைவில் எழுத ஒன்றரை மணி நேரம் ஆனது. அதில் எழுப்பியதும் உள்வட்டை வெறும் வாசிப்புக்கு மட்டும் ஏற்றி, ஆச்சியின் கோப்புறையை முதலில் என் வெளிவட்டுக்கு நகலெடுத்தேன். பட்டியலைத் திறந்து கடைசி வரி இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. உள்ளே போய் ஆச்சியிடம் சொல்லிவிட்டு வந்தபிறகுதான் மற்ற வேலையைத் தொட்டேன். இந்த வரிசையை மட்டும் யாரும் மாற்றிச் செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கம்ப்யூட்டரைப் பிழைக்க வைக்கிற அவசரத்தில் தகவலை அழித்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் உள்வட்டை எழுதவும் முடிகிறமாதிரி ஏற்றி, லைப்ரரி கோப்புறையைப் பட்டியலிட்டேன். லிப்சி-2.31.எஸ்ஓ, உரிமை ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகி), அளவு 0. அந்த 0-வைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நடந்தது முழுக்க எனக்கு விளங்கியது. அதுவரை பதிப்புப் பொருந்தாமல் நின்றது என்றுதான் நினைத்திருந்தேன். புதியது உள்ளே போகவே இல்லை. பழையது மட்டும் போயிருந்தது.

பொதுவாக இந்த இடத்தில் குரூட் செய்யச் சொல்வார்கள். அதாவது ஏற்றிய வட்டையே வீடாகப் பாவித்து அதற்குள் நுழைவது. இப்போது அது நடக்காது. நுழைந்ததும் அங்கே உள்ள பேஷ்தான் ஓட வேண்டும், அது அங்கே உள்ள லிப்சியைத்தான் தேடும். அதனால் வெளியில் நின்றுகொண்டே சரிசெய்ய வேண்டும். நான் எடுத்து வைத்த பழைய நகல் இருந்தது. ஆனால் என் கைபட்ட எதையும் நம்பாமல் டெபியனின் பொதியிலிருந்தே எடுக்க நினைத்தேன். அதற்கு முன் வட்டில் எந்தத் திருத்தப் பதிப்பு நிறுவப்பட்டிருந்தது என்று டிபிகேஜியின் நிலைக்கோப்பில் தேடி எழுதிக்கொண்டேன். 2.31 என்று மட்டும் பார்த்தால் போதாது, பின்னால் வரும் திருத்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். லிப்சியும், நிரலை ஏற்றுகிற ஏற்றியும் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்கிற தனி முத்திரை ஒன்று உண்டு. இரண்டும் ஒரே பொதியில் பிறந்தவையாக இருப்பதுதான் பத்திரம்.

அதே எண்ணுள்ள பொதியை இறக்கி, தற்காலிகக் கோப்புறையில் பிரித்தேன். நேரே வட்டின் மேல் பிரிக்கக்கூடாது. இப்போதைய டெபியனில் மேலே இருக்கும் லிப் என்ற கோப்புறையே ஒரு சிம்லிங்க். பொதியை அதன்மேல் விரித்தால் சிம்லிங்க் போய் அந்த இடத்தில் வெறும் கோப்புறை வந்து உட்கார வாய்ப்புண்டு. அப்படி ஆனால் ஒரு கோப்பு போனது முழு லைப்ரரியும் போனதாக ஆகும். பிரித்ததிலிருந்து லிப்சி-2.31.எஸ்ஓவை மட்டும் எடுத்து, வட்டில் வேறு பெயரில் வைத்து, எம்வியால் சரியான பெயருக்கு மாற்றினேன். அந்த வட்டிலிருந்து அப்போது எதுவும் ஓடவில்லை, நேரே சிபி செய்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனாலும் கை இனிமேல் அப்படித்தான் பழக வேண்டும் என்று செய்தேன்.

இப்போது குரூட் போட்டேன். பேஷ் வந்தது. எல்எஸ் தட்டினேன், பட்டியல் வந்தது. தினமும் நூறு தடவை தட்டுகிற கட்டளை. அன்றைக்கு அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ஓடுகிறது என்பதும் சரியாக இருக்கிறது என்பதும் வேறு வேறு. டிபிகேஜியில் சரிபார்க்கும் வசதி ஒன்று உண்டு. பொதி நிறுவப்பட்டபோது ஒவ்வொரு கோப்புக்கும் குறித்து வைத்த எம்டி5 எண்ணை இப்போதுள்ள கோப்பிலிருந்து திரும்பக் கணக்கிட்டு ஒப்பிடும். பொருந்தாததை மட்டும் சொல்லும், எல்லாம் பொருந்தினால் வாயே திறக்காது. ஆச்சி அதற்குள் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். "ஐந்தொகை போடுறீக" என்றார். ஆமாம், அதுதான். பேரேட்டில் உள்ள பற்றும் வரவும் பைசா பிசகாமல் நேராகிறதா என்று பார்ப்பதுதான். லிப்சி பொதிக்கு ஓட்டினேன். ஒரு வரியும் வரவில்லை. மற்ற பொதிகளுக்கும் ஓட்டினேன். நானே முன்னே மாற்றியிருந்த ஓர் அமைப்புக் கோப்பைத் தவிர எல்லாம் நேரானது. பென் டிரைவைப் பிடுங்கிவிட்டுத் திரும்பப் போட்டேன். இரவு எட்டரைக்குக் கம்ப்யூட்டர் எழுந்தது.

டெர்மினல் இன்னும் உயிரோடு இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சென்னையில் வேலை பார்த்தபோது ஒரு சர்வரில் இதற்கு அண்ணன் தம்பி முறையான விபத்து நடந்தது. அங்கே கோப்பு அழியவில்லை, சிம்லிங்க் மட்டும் தப்பான பதிப்பைக் கைகாட்டியது. புதிதாக எந்தக் கட்டளையும் ஓடவில்லை. ஆனால் ரூட்டாக நுழைந்திருந்த ஒரு டெர்மினல் திறந்தே இருந்தது. அதில் ஓடிய பேஷ் பழைய லைப்ரரியைக் கையில் வைத்திருந்ததால் அது சாகவில்லை. கூட இருந்த அண்ணன் ஒருவர், "யாரும் அதை மூடிராதீங்க" என்று கத்தினது இன்னும் காதில் இருக்கிறது. எக்கோ, சிடி மாதிரி பேஷுக்குள்ளேயே இருக்கிற கட்டளைகள் அந்த நிலையிலும் ஓடும். எக்கோவுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் கோப்புறையில் உள்ள பெயர்கள் வந்துவிடும். பிறகு எல்டி_பிரீலோடு என்ற மாறியில் பழைய லிப்சியின் முழுப் பாதையையும் கொடுத்து, அதே வரியில் எல்என் கட்டளையால் சிம்லிங்கைத் திருப்பிக் கட்டினார். ஒரே வரி, சர்வர் பிழைத்தது. ரூட் டெர்மினல் இல்லாமல் இது நடக்காது. சுடோவே லைப்ரரி இல்லாமல் ஓடாது.

அடுத்த ஞாயிறு வரை டெஸரேக்ட் 5 பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். முழுக் கம்ப்யூட்டரையும் டெபியன் 12-க்கு ஏற்றுவது ஒரு வழி. 11-லிருந்து 12-க்கு ஒரு படி, நடுவில் எதையும் தாண்டாமல், நகல் எடுத்துவிட்டு, பொதிகளை இறக்கி நிறுவும் ஏபிடியை அதன் போக்கில் விட்டால் ஒழுங்காக நடக்கும். ஆனால் ஸ்கேனரை இயக்கும் டிரைவர் மென்பொருள் இந்த 11-ல் ஒருவழியாகப் பழகி ஓடிக்கொண்டிருந்தது. அதை இப்போது கலைக்க எனக்கு மனமில்லை. ஒரே ஒரு நிரலுக்குப் புதிய அடித்தளம் வேண்டும், மற்ற எல்லாவற்றுக்கும் பழையதே போதும். இதுதான் கேள்வி.

பதில் அந்த வீட்டிலேயே இருந்தது. நகரத்தார் வீடுகளில் மகனுக்குக் கல்யாணம் ஆனதும் வேறு வைப்பார்கள். வீட்டை விட்டு அனுப்புவதில்லை. அதே வீட்டில் அவர்களுக்கு ஓர் அறை, தனி அடுப்பு. வருசத்துக்கு வேண்டிய அரிசி பருப்பு அளந்து கொடுத்துவிடுவார்கள். முகப்பும் வளவும் கிணறும் எல்லோருக்கும் பொது. உலை மட்டும் வேறு. அவர்கள் ஒரு தனிப் புள்ளி. மாமியார் சமையலும் மாறாது, மருமகள் சமையலும் கெடாது.

டெப்பூட்ஸ்ட்ராப் என்று ஒரு கருவி இருக்கிறது. ஒரு வெறும் கோப்புறைக்குள் டெபியன் 12-ன் அடிப்படை அமைப்பை முழுதாக இறக்கி வைத்துவிடும். அதற்குள் அதன் லிப்சி, அதன் பேஷ், அதன் ஏபிடி. கெர்னல் மட்டும் வெளியே ஓடுகிற 5.10-தான். ஜிலிப்சி 2.36-க்கு 3.2 அல்லது அதற்குப் பிந்திய கெர்னல் இருந்தால் போதும், அதனால் சண்டையில்லை. அந்தக் கோப்புறைக்குள் குரூட் செய்து, ஏபிடியால் டெஸரேக்டையும் அதன் தமிழ்த் தரவையும் நிறுவினேன். 5.3.0 வந்தது. ஸ்கேன் படங்கள் இருக்கும் கோப்புறையை பைண்ட் மவுண்ட் போட்டு உள்ளேயும் தெரியும்படி செய்தேன். எல்லாம் சேர்த்து ஒரு ஜிபிக்குள். தேவையில்லை என்றால் மவுண்ட்டைக் கழற்றிவிட்டு அந்தக் கோப்புறையை அழித்தால் போதும், வெளியே ஒரு தடமும் இருக்காது. அழிப்பதற்கு முன் கழற்ற மறந்தால் ஸ்கேன் படங்களும் சேர்ந்து அழியும், கவனம். பாட்மேன், டாக்கர் என்று இதையே இன்னும் ஒழுங்காகச் செய்கிற கருவிகள் இருக்கின்றன. 4 ஜிபி கம்ப்யூட்டருக்கு எனக்கு இதுவே போதுமாக இருந்தது.

ஆச்சி கேட்டார், புது ஆள் வந்தாச்சா என்று. ஆமாம், ஆனால் பழைய சாமான் எதையும் தொடவில்லை, தனியாக ஓர் அறை கொடுத்து, அதன் அடுப்பையும் கொடுத்து வைத்திருக்கிறேன் என்றேன்.

"வேறு வச்சுட்டீக" என்றார் உடனே. பெரிய சிரிப்பு.

திருப்பணிப் புத்தகத்தின் ஒரு பக்கத்தை ஸ்கேன் செய்து உள்ளே கொடுத்தோம். முன்னைவிடச் சீக்கிரமாகவே உரை வந்தது. இடப்பக்கம் தாளை வைத்துக்கொண்டு ஆச்சி விரல் வைத்துப் படித்தார், நான் திரையில் தொடர்ந்தேன். ஊர்ப் பெயர்கள் சரி. தொகைகள் பெரும்பாலும் சரி. விலாசத்தில் இருந்த புள்ளிகளைக்கூட விடாமல் எடுத்திருந்தது. ஆறாவது வரியில் 'கற்றூண் வேலை' என்று தாளில் இருக்க, திரையில் 'வே'க்கு அப்புறம் வேறு எதுவோ இருந்தது. தும்பிக்கை லையில் இன்னும் தடுக்கிறது.

"அது லை தம்பி. நாங்க படிக்கிறப்ப இப்படித்தான் எழுதுவோம்" என்று மேசையில் விரலால் ஒருமுறை எழுதிக் காட்டினார். நான் திருத்தினேன். இப்படித் திருத்திய பக்கங்கள் சேரச் சேர, அவற்றையே பாடமாக வைத்து டெஸரேக்டுக்கு அந்த எழுத்துகளைச் சொல்லிக்கொடுக்க முடியும். அதற்கு இன்னும் நிறையப் பக்கங்கள் வேண்டும். ஆச்சி அடுத்த தாளைத் தூசி தட்டி எடுத்து வைத்தார்.